வைத்த மருந்தும் எடுத்த மருந்தும்



மேசைமேல் இருக்கும் இந்தப் பித்தளைச் சாமானைப் பார்த்துச் சிலர் சிரிப்பது தெரிகிறது. இது சுண்ணாம்புக் கரண்டகம். என் அப்பாயியுடையது. கும்பகோணம் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, இதிலிருந்து விரல் நுனியில் தொட்டெடுத்த சுண்ணாம்பு, இந்த மூன்றும் இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. அவர் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது மூடியைத் திறந்தால் நடுப்பகுதி சுத்தமாக இருக்கிறது. அவர் விரல் போய்வந்த இடம் அது. ஆனால் அடியும் சுவரும் சேரும் மூலையைப் பாருங்கள். வெள்ளையாக ஒரு வளையம், கல்லாக இறுகிக் கிடக்கிறது. நேற்று இரவு தண்ணீர் ஊற்றி வைத்தேன். இன்று காலையில் குச்சியால் சுரண்டினேன். அசையவில்லை. இன்று நான் பேசப்போவது முழுக்க அந்த வளையத்தைப் பற்றித்தான்.

நூல்களில் வேர் சிகிச்சை என்றும் தெருவில் ‘ரூட் கெனால்’ என்றும் சொல்லப்படுவது இங்கே பலருக்கு நடந்திருக்கும். சொத்தை ஆழமாகி, பல்லுக்குள் இருக்கும் கூழ் அழுகிவிட்டால், மேலிருந்து துளையிட்டு அந்தக் கூழை எடுக்கிறோம். வேருக்குள் ஓடும் கால்வாய்களை ஃபைல் என்ற மெல்லிய அரங்களால் தேய்த்து அகலப்படுத்துகிறோம். மருந்து நீரால் கழுவுகிறோம். கடைசியில் குட்டா பெர்ச்சா என்ற மரப்பால் பொருளாலும், சீலர் என்ற பசையாலும் அடைத்துவிடுகிறோம். ஒரே நாளில் இது முடியாதபோது, நடுவில் சில நாட்களுக்குக் கால்வாய்க்குள் ஒரு மருந்தை நிரப்பி, மேலே தற்காலிகமாக மூடி அனுப்புவோம். “மருந்து வெச்சிருக்கு, அடுத்த வாரம் வாங்க” என்று கேட்டிருப்பீர்களே, அந்த மருந்துதான். அது பெரும்பாலும் கால்சியம் ஹைட்ராக்சைடு. அதாவது, நீற்றிய சுண்ணாம்பு. என் அப்பாயி கரண்டகத்தில் இருந்ததும் அடிப்படையில் இதுவே. தூய்மையில்தான் வித்தியாசம்.

இதை வேர் சிகிச்சைக்குள் கொண்டுவந்தவர் பெர்ன்ஹார்ட் ஹெர்மன் என்ற ஜெர்மானியர், 1920இல். கல்கத்தாவில் டாக்டர் ஆர். அகமது இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியதும் அதே 1920. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தேர்வுக்குப் படித்த காலத்தில் ஆண்டை மறக்காமல் இருக்க நான் போட்ட முடிச்சு அது.

சுண்ணாம்பை ஏன் வைக்கிறோம்? வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிவிட்டால் வாய் வெந்துபோகிறது அல்லவா, அந்தக் காரத்தைத்தான் கிருமியின்மேல் ஏவுகிறோம். அதன் கார அளவு, பி.எச். கணக்கில், ஏறத்தாழ 12.5. அதில் பிழைக்கும் கிருமி குறைவு. கிருமிதான் எதிரி என்பதும் ஊகமல்ல. 1965இல் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற மூவர் அமெரிக்காவில் எலிகளின் பல்லைத் துளைத்துக் கூழைத் திறந்தே விட்டார்கள். சாதாரண எலிகளில் கூழ் அழுகியது. கிருமியே இல்லாத சூழலில் பிறந்து வளர்ந்த எலிகளில், உணவு போய் அடைத்தபோதும், கூழ் அழுகாமல் தன்மேல் பாலம் கட்டிக்கொண்டு ஆறியது. எங்கள் துறையில் இதைவிட எளிமையான, இதைவிட அழகான சோதனையை நான் படித்ததில்லை. அதன்பின், 1991இல் ஸ்வீடனில் ஷோக்ரென் குழுவினர், கால்வாயில் ஏழு நாள் சுண்ணாம்பு இருந்தால் கிருமிகள் ஒழிகின்றன, பத்து நிமிடம் மட்டும் வைத்தால் பயனில்லை என்று காட்டினார்கள். ‘ஒரு வாரம் கழித்து வாருங்கள்’ என்ற எங்கள் வழக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக, சுண்ணாம்பு நல்ல மருந்து. அதை வைக்கும் கலையைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். கால்வாய் நுனிவரை இடைவெளி இல்லாமல் நிரப்ப வேண்டும், அதற்கு லெண்டுலோ என்ற சுருள் கம்பி, ஊசி, இன்ன பதம், இன்ன வேகம் என்று மாணவர்களை வறுத்தெடுக்கிறோம். ஒரு வாரம் கழித்து அதை எப்படி வெளியே எடுப்பது என்று வரும்போது மட்டும் பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும்: கழுவி அகற்றுக. என் குறையே அந்த ஒரு வரிதான்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். நான் ஆசிரியர் பணிக்கு வந்த புதிது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலியோடு ஒரு பள்ளித் தலைமை ஆசிரியை வந்தார். கால்வாய்களைத் தேய்த்து, சுண்ணாம்பை நிரப்பி அனுப்பினேன். பத்து நாள் கழித்துச் சரியான நேரத்துக்கு வந்தார். அவர் காலத்தில் பள்ளி மணி தாமதமாக அடித்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். சிரிஞ்சில் சலைன் என்ற உப்பு நீரையும் ஹைப்போகுளோரைட் என்ற மருந்து நீரையும் மாறிமாறிப் பாய்ச்சினேன். முதலில் பால்போல வெள்ளையாக வந்தது, பிறகு தெளிந்தது. பேப்பர் பாயிண்ட் என்ற காகிதக் குச்சியால் ஒற்றினேன், சுத்தமாக இருந்தது. அடைக்கப் போகும்போது அவர் கேட்டார்.

“போன தடவை வெச்ச மருந்தை எல்லாம் எடுத்தாச்சா டாக்டர்?”

“எடுத்தாச்சு மேடம்” என்றேன்.

இரண்டு ஆண்டு கழித்து அதே பல்லில் வீக்கத்தோடு வந்தார். அடைத்ததை எடுத்துவிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். பின்பக்க வேரின் கால்வாய் வட்டமாக இல்லை. புளியங்கொட்டையைக் குறுக்கே வெட்டியதுபோல நீளவாட்டாக இருந்தது. நடுவில் என் ஃபைல் போன வட்டம். அதன் ஓரத்தில், ஃபைல் தொடாத ஒடுக்கில், வெள்ளையாக ஒரு திட்டு. நான் வைத்த சுண்ணாம்பு. அதன்மேலேயே அடைத்திருக்கிறேன். பெரிதாக்கிய படத்தை அவரும் பார்த்தார். “எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் தவறு செய்த பையனிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தப் பல் கெட்டதற்கு அந்தத் திட்டுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதே ஒடுக்கில் கிருமியும் இருந்திருக்கும். சுண்ணாம்பு எட்டிய இடத்தைக் கழுவும் நீர் எட்டவில்லை, அடைக்கும் பசையும் எட்டவில்லை என்பது மட்டும் உறுதி. இரண்டாம் முறை அந்தப் பல்லுக்கு இரண்டு மணி நேரம் செலவிட்டேன். அது பிழைத்துக்கொண்டது.

அப்படி மிஞ்சும் சுண்ணாம்பால் என்ன கெடுதல்? பசை சுவரில் ஒட்ட வேண்டும். பல்லின் சுவர் டென்டின். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள், கூழுக்கு அருகே ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம். ஒவ்வொன்றின் வாயும் ஏறத்தாழ 2.5 மைக்ரோமீட்டர். மருந்தின் துகள்களில் பல அதைவிடச் சிறியவை. அவை உள்ளே போவதும் கிருமியை விரட்டச் சுண்ணாம்புக்கு உதவுகிறது. ஆனால் போய் அடைத்துக்கொண்டால் சீலர் உள்ளே இறங்க வழி இல்லை. 1999இல் துருக்கி ஆய்வாளர்கள் இதைப் படம்பிடித்தே காட்டினார்கள். சுண்ணாம்பு மிஞ்சிய இடத்தில் சீலர் குழாய்க்குள் நுழையவில்லை. ஈ.டி.டி.ஏ. என்ற மருந்து நீரும் பின் ஹைப்போகுளோரைட்டும் கொண்டு கழுவிய பற்களில் நுழைந்தது. துத்தநாக ஆக்சைடும் கிராம்பு எண்ணெய்ச் சத்தான யூஜெனாலும் சேர்ந்த பழைய பசையை இன்றும் பல இடங்களில் பயன்படுத்துகிறோம். மிச்சச் சுண்ணாம்பு அந்த யூஜெனாலோடு வினைபுரிந்து, பசையை அவசரமாக இறுகவும் பொருபொருவென்று உதிரவும் செய்கிறது. இதை ஆய்வாளர்கள் 1997இலேயே எழுதிவிட்டார்கள். வேறு வகைப் பசைகளில் சேதம் எவ்வளவு என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அந்தச் சண்டைக்குள் இன்று நுழைய வேண்டாம். பசை எதுவானாலும், கரையக்கூடிய ஒரு பொருளைச் சுவருக்கும் அடைப்புக்கும் நடுவில் விட்டுவைப்பது நல்ல கொத்தனார் வேலை அல்ல. அது மெல்ல மெல்லக் கரைந்தால் அங்கே இருப்பது வெற்றிடம்.

இன்னொன்று, வெறும் சுண்ணாம்பு எக்ஸ்-ரேயில் ஏறத்தாழ டென்டினைப் போலவே தெரியும். அதனால் மிஞ்சியதைப் படத்தில் பிரித்தறிய முடியாது. பேரியமோ அயோடோஃபார்மோ கலந்திருந்தால்தான் தனியாகத் தெரியும்.

இனி, எடுப்பது ஏன் இவ்வளவு சிரமம் என்ற கேள்வி. நான் நிற்க விரும்பும் இடம் இது.

முதலில் வேதியியல். சுண்ணாம்பு தண்ணீரில் அதிகம் கரையாது. அறை வெப்பத்தில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 1.7 கிராம். நாம் ஒரு கால்வாயில் பாய்ச்சும் 5 மில்லி நீர், முழுமையாகத் தன் வேலையைச் செய்தாலும், 8 மில்லிகிராம் சொச்சத்தைத்தான் கரைக்கும். சர்க்கரையைப்போல இதற்கும் வெந்நீர் உதவும் என்று நினைக்காதீர்கள். சூடு ஏறினால் சுண்ணாம்பு இன்னும் குறைவாகவே கரையும். ஹைப்போகுளோரைட் அழுகிய திசுவைக் கரைப்பதில் மன்னன். ஆனால் அதுவே காரம். காரத்தைக் காரத்தால் கரைக்க முடியாது. காற்றிலும் திசுவிலும் இருக்கும் கரியமில வாயு பட்டால் சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாக, அதாவது மறுபடி சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. கரண்டகத்தின் மூலையில் என் குச்சிக்கு மசியாதது அதுதான்.

பிறகு எது கரைக்கும்? இதற்கு வீட்டுச் சமையலறையிலேயே பதில் இருக்கிறது. உப்புத் தண்ணீர் காய்ச்சிப் பாத்திரத்தில் படிந்த வெள்ளையை எலுமிச்சை மூடி போட்டுத் தேய்ப்போமே, அதே சிட்ரிக் அமிலம். எங்கள் மருத்துவத்தில் 10 சதவீதக் கரைசலாக வைத்திருக்கிறோம். மற்றொன்று ஈ.டி.டி.ஏ. கல்லூரியில் வேதியியல் படித்தவர்களுக்குத் தண்ணீரின் கடினத்தன்மையை அளந்த பியூரெட் நினைவுக்கு வரும். மற்றவர்களுக்கு, இரத்தப் பரிசோதனைக்கு எடுக்கும் ஊதா மூடிக் குழாய். அதற்குள் இருப்பதும் இதுவே. இரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் இரத்தம் உறைவதில்லை. நம் பாடநூலில் இந்தப் பிடிக்குக் கொடுக்கிணைப்பு என்று பெயர். நண்டின் கொடுக்கு. தமிழில் அறிவியல் வராது என்பவர்களிடம் இந்த ஒரு சொல்லைக் காட்டுவேன். ஈ.டி.டி.ஏ.வை 1957இல் வேர் சிகிச்சைக்குக் கொண்டுவந்தவர் நார்வேயின் நீகார்ட் ஆஸ்ட்பி. இன்றைய வழக்கம் 17 சதவீதம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 17 சதவீத ஈ.டி.டி.ஏ. 5 மில்லி, தாளில் எழுதிய சமன்பாட்டின்படி, 150 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ள வல்லது. ஒரு பல்லின் கால்வாய்களுக்குள் நாம் வைக்கும் மருந்து அதில் ஒரு சிறு பங்குதான். அப்படியானால் மருந்து மிஞ்சவே கூடாது. ஆனாலும் மிஞ்சுகிறது. ஆகவே கரைக்கும் வலிமை போதவில்லை என்று சொல்ல முடியாது. கரைப்பான் போய்ச் சேரவில்லை. மாணவர்கள் இன்று ஒன்றைக் குறித்துக்கொள்வதானால் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘எந்த மருந்து நீர் சிறந்தது?’ என்ற கேள்வியிலேயே ஆண்டுகளைப் போக்கிவிட்டோம். அது எங்கே வரைக்கும் போகிறது என்று கேட்டவர்கள் குறைவு.

போய்ச் சேராததற்குக் காரணம் பல்லின் வடிவம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜூரிக் நகரில் வால்டர் ஹெஸ் என்பவர் ஆயிரக்கணக்கான பற்களுக்குள் ரப்பரை ஏற்றி இறுகவைத்து, பின் பல்லைக் கரைத்துவிட்டு, உள்ளிருந்த வெளியை மட்டும் தனியே எடுத்துக் காட்டினார். 1925இல் ஆங்கிலத்தில் வந்த அந்தப் படங்களைப் பார்த்தால், ‘கால்வாய்’ என்று நாம் வைத்த பெயரே தவறோ என்று தோன்றும். கடலைச் சேருமுன் காவிரி பிரியும் பிரிவைப் போல, கிளையும் குறுக்கு வாய்க்காலும் தேங்கிய குட்டையுமாக இருக்கும். அதே ஜூரிக்கில் 2001இல் ஓவ் பீட்டர்ஸ் குழுவினர் நுண் சி.டி. படம் எடுத்துப் பார்த்து, எந்த ஃபைலால் தேய்த்தாலும் கால்வாய்ச் சுவரில் 35 சதவீதமோ அதற்கு மேலோ தொடப்படாமலே இருக்கிறது என்றார்கள். கரண்டகத்தில் அப்பாயியின் விரல் போன இடமும் போகாத மூலையும் நினைவிருக்கட்டும்.

அடுத்து நீரின் ஓட்டம். மெல்லிய 30 எண் ஊசிக்கு வெளிவிட்டம் 0.3 மில்லிமீட்டர். நுனி மூடி, பக்கத்தில் துளை உள்ள ஊசியிலிருந்து வரும் நீர் நுனிக்கு அப்பால் ஒரு மில்லிமீட்டர், கொஞ்சம் கூடினால் ஒன்றரை, அவ்வளவுதான் புதிதாகப் போகும். அதற்குக் கீழே தேங்கிய நீர்தான். வேரின் நுனி எலும்பில் புதைந்திருப்பதால் அது ஒரு பக்கம் அடைத்த குழாய். வாய் குறுகிய எண்ணெய்ப் புட்டியைக் குழாயடியில் கவிழ்த்தும் நிமிர்த்தியும் கழுவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே காற்று சிக்கி, தண்ணீர் அடிவரை இறங்க மறுக்கும். கால்வாய் நுனியிலும் அதே காற்றுக்குமிழ். சரி, ஊசியை இன்னும் இறக்கி, பலமாகத் தள்ளினால்? ஹைப்போகுளோரைட் வேரைத் தாண்டி எலும்புக்குள் போய்விடும். அந்த வலியையும் வீக்கத்தையும் ஒரு முறை பார்த்த மருத்துவர், பிறகு சிரிஞ்சின் பிஸ்டனைக் கட்டைவிரலால் தள்ளவே மாட்டார். சுட்டுவிரலால்தான் தொடுவார்.

எனவே நீரை உள்ளேயே கலக்க வேண்டும். அதற்கு வந்த வழிகள் பல. மிகப் பழையது, மிக மலிவானது, சிறிய ஃபைலால் நுனிவரை போய்த் திறந்து, மறுபடி கழுவுவது. அடைக்கப்போகும் அளவுள்ள குட்டா பெர்ச்சாக் குச்சியையே உள்ளே விட்டு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலும் கீழும் இழுத்து நீரைக் குலுக்குவது இன்னொன்று. காசு செலவில்லை. கிராமத்து மருத்துவமனையிலும் முடியும். செய்பவர்கள்தான் இல்லை.

அல்ட்ராசோனிக் என்பது, நொடிக்கு ஏறத்தாழ 30,000 முறை அதிரும் மெல்லிய கம்பியை நீர் நிறைந்த கால்வாய்க்குள் நிறுத்துவது. கம்பியைச் சுற்றி நீர் சுழன்று, அதன் விசை ஒடுக்குகளுக்குள் பாய்கிறது. கம்பி சுவரில் படாமல் அந்தரத்தில் அதிர வேண்டும். பட்டால் அதிர்வு செத்துவிடும். வளைந்த வேரில் படாமல் வைப்பது எவ்வளவு கடினம் என்று செய்தவருக்குத்தான் தெரியும். 20 நொடி அதிரவிட்டு, நீரை மாற்றி, மறுபடி 20 நொடி, இப்படி மூன்று முறை. ஒரு கால்வாய்க்கு ஒரு நிமிடம். சிரிஞ்சு மட்டும் பயன்படுத்துவதைவிட இது நன்றாக எடுக்கிறது என்பதில் ஆய்வுகளுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. உடல் வெப்பத்தில் கரண்டிபோல வளைந்து சுவரைத் துழாவும் நிக்கல்-டைட்டானியக் கம்பிகளும், 2940 நானோமீட்டர் எர்பியம் லேசரும், நீரை நுனியிலிருந்து உறிஞ்சும் கருவிகளும் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் விற்பவர் தம்முடையதே சிறந்தது என்பார். நான் படித்தவரை, எதுவும் எல்லாச் சுண்ணாம்பையும் எல்லாப் பல்லிலும் எடுத்துவிடவில்லை.

இந்த ஆய்வுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவற்றில் பெரும்பகுதி பிடுங்கிய பல்லில் செய்தவை. பல்லை நெடுக்காகப் பிளந்து, சுவரில் ஒரு பள்ளத்தைச் செதுக்கி, அதில் சுண்ணாம்பை அப்பி, மறுபடி சேர்த்துக் கழுவி, பிறகு பிரித்து, எவ்வளவு மிஞ்சியது என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். ஒப்பிட வசதியான முறைதான். ஆனால் எந்த மனிதரின் பல்லும் அப்படிச் செதுக்கியதுபோல ஒழுங்கான பள்ளத்தோடு பிறப்பதில்லை. அந்த வகையில் நுண் சி.டி. ஆய்வுகளை நான் அதிகம் நம்புகிறேன். சுண்ணாம்பு மிஞ்சியதால் நோயாளிக்கு எத்தனை பல் போயிற்று என்று நேராகச் சொல்லும் சான்று மிகக் குறைவு. அதை மறைத்துவிட்டு மேடையில் முழங்குவது எனக்குப் பிடிக்காது.

சென்னையில் நடந்த ஒரு வேலையைக் குறிப்பிடாமல் போக முடியாது. 2006இல் இங்குள்ள பல் மருத்துவ ஆசிரியர்கள் மூவர், இரண்டு வகைச் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று, வடிநீரில் குழைத்த வெறும் தூள். இரண்டு, மெட்டாபெக்ஸ் என்ற, சிலிக்கோன் எண்ணெயில் அயோடோஃபார்மோடு சேர்த்து ஊசியில் அடைத்து வரும் பசை. கழுவிய பிறகு எவ்வளவு மிச்சம் என்று ஸ்பைரல் சி.டி.யில் கன அளவாகவே அளந்தார்கள். நீரில் குழைத்தது ஈ.டி.டி.ஏ.வுக்கும் சிட்ரிக் அமிலத்துக்கும் நன்றாக மசிந்தது. எண்ணெய்ப் பசையை எடுப்பதில் சிட்ரிக் அமிலம் ஈ.டி.டி.ஏ.வை முந்தியது. நம் கிளினிக்குகளில் அந்த ஊசிப் பசைதான் எங்கும். திறந்து அழுத்தினால் போதும், குழைக்கும் வேலை மிச்சம். ஆனால் எண்ணெய்ப் பாத்திரத்தை வெறும் தண்ணீரில் கழுவ முடியாது என்பது நம் வீட்டில் யாருக்குத்தான் தெரியாது? வைக்கும்போது மிச்சமாகும் இரண்டு நிமிடத்தை, எடுக்கும்போது பத்து நிமிடமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்கிறோமா?

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அது என்ன கிருமியைக் கொல்லும் என்பதோடு, அது எப்படி வெளியே வரும் என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். வெளியே வரும் வழி தெரியாத மருந்தை உள்ளே விடக்கூடாது.

இதற்கு மிகக் கூர்மையான எடுத்துக்காட்டு சுண்ணாம்பு அல்ல, மூன்று ஆன்டிபயாட்டிக் கலந்த பசை. சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல், மினோசைக்ளின். ஜப்பானின் நீகாதாவில் 1990களில் உருவானது. வேர் முழுமையாக வளராத சிறுவர்களின் பல்லில் மீண்டும் திசு வளரச் செய்யும் சிகிச்சையில் பெரும்புகழ் பெற்றது. கிருமியை நன்றாகவே கொல்கிறது. ஆனால் மினோசைக்ளின் பல்லைக் கருக்கச் செய்யும். ஒன்பது வயதுப் பெண்ணின் முன்பல் பிழைத்தது, சாம்பல் நிறமாக. அவள் தாயிடம் என்ன சொல்வீர்கள்? 2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள், கதிரியக்கம் ஏற்றிய மருந்தை வைத்துக் கழுவிப் பார்த்தார்கள். சுண்ணாம்பில் 98 சதவீதம்வரை வெளியே வந்துவிட்டது. இந்த மூன்று மருந்துப் பசையிலோ எந்த முறையில் கழுவினாலும் ஏறத்தாழ 88 சதவீதம் பல்லிலேயே தங்கிவிட்டது. அதில் பெரும்பங்கு டென்டினுக்குள் ஊறிப் போயிருந்தது. அடர்த்தி அதிகமானால் அந்த மிச்சம், நாம் வளர்க்க விரும்பும் ஸ்டெம் செல்களையே கொல்லும் என்று வேறு ஆய்வுகள் காட்டின. இப்போது அந்தப் பசையை மிகவும் நீர்க்கவைத்து வைக்கச் சொல்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் நம் சுண்ணாம்பு சாது.

கழுவும் நீர்கள் ஒன்றோடொன்று சண்டை போடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலர் சுண்ணாம்பைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லியில் குழைக்கிறார்கள். அதன்மேல் ஹைப்போகுளோரைட் பட்டால் செம்பழுப்பாக ஒரு படிவு உண்டாகிக் குழாய்களை அடைக்கும். ஈ.டி.டி.ஏ.வும் ஹைப்போகுளோரைட்டும் கலந்தால் பின்னதன் குளோரின் வீணாகிவிடும். நடுவில் சலைன் விடுவது சடங்கு அல்ல.

நோயாளிகள் பக்கத்துக்கும் வருகிறேன். நம் ஊரில் வேர் சிகிச்சையின் மிகப் பெரிய எதிரி, வலி நின்றுபோவது. முதல் சிட்டிங்கிலேயே வலி போய்விடும். “இப்ப நல்லா இருக்கு டாக்டர், தீபாவளி கழிச்சு வர்றேன்” என்பார்கள். தீபாவளி கழியும், பொங்கல் கழியும், பிள்ளைக்குத் தேர்வு வரும். ஆறு மாதம் கழித்து மேல்மூடி தேய்ந்து எச்சில் உள்ளே போயிருக்கும். மருந்து காய்ந்து கல்லாகியிருக்கும். 2002இல் ஆண்ட்ரியாசென் குழுவினர் செம்மறியாட்டின் வளராத பற்களில் சுண்ணாம்பை நெடுநாள் விட்டுவைத்து, பல்லின் உடைபடாத வலிமை ஏறத்தாழ ஓராண்டில் பாதியாகக் குறைவதாகக் கணக்கிட்டார்கள். ஆட்டுப் பல் வேறு, மனிதப் பல் வேறு என்றாலும், வளராத வேரில் சுண்ணாம்பை மாதக்கணக்கில் வைக்கும் பழைய வழக்கம் அதன்பின் குறைந்தது. ஒரு வார மருந்து ஒரு வாரத்துக்குத்தான்.

‘இவ்வளவு தொல்லை என்றால் மருந்தே வைக்காமல் ஒரே சிட்டிங்கில் முடித்தால் என்ன?’ என்று யாராவது கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஒரே நாளில் முடித்த பற்களுக்கும் பல நாளில் முடித்த பற்களுக்கும் ஆறுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே காக்ரேன் தொகுப்பாய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. உயிருள்ள கூழாக இருந்தால் நான் ஒரே நாளில்தான் முடிக்கிறேன். சீழ் நிற்காமல் வந்தால், நேரம் போதாவிட்டால், பழைய சிகிச்சையைத் திரும்பச் செய்தால் மருந்து வைக்கிறேன். பழக்கத்துக்காக வைப்பதில்லை. வைக்காத மருந்தை எடுக்க வேண்டியதில்லை.

இனிக் கோரிக்கை. இங்கே கல்லூரிகளின் பொறுப்பில் இருப்பவர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். மாணவர்களின் சிகிச்சைப் பதிவேட்டில் ‘மருந்து வைத்த நாள்’ என்று எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். அதன் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள். எந்த மருந்து எடுக்கப்பட்டது, எந்த நீரால், எந்தக் கருவியால், ஒவ்வொரு கால்வாய்க்கும் எத்தனை நிமிடம். உருப்பெருக்கியின் வழியாகச் சுவரைப் பார்த்த பிறகே ஆசிரியர் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இதற்குப் புதுக் கருவி தேவையில்லை. ஒரு கோடும் ஒரு பேனாவும் போதும். சிகிச்சைக்கு வரும் மற்றவர்களுக்கும் ஒன்று: அடைக்கப்போகும் நாளில் வாயைத் திறக்குமுன், அந்தத் தலைமை ஆசிரியை கேட்டதை நீங்களும் கேளுங்கள். கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இன்னொரு முறை கழுவிவிடுவார்.